பின்னால் வந்த தண்ணீர்

தையல்காரியின் பின்னால் அவளுடைய பதினோரு வயதிலிருந்து ஒரு தண்ணீர் வந்துகொண்டிருந்தது. ஆரம்பத்தில் அது ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலம்தான். அவள் நடந்தால் கை நீட்டும் தூரத்தில் தரையோடு தரையாக நகரும், நின்றால் நிற்கும், பள்ளிக்கூடத்தில் பெஞ்சில் உட்கார்ந்தால் பெஞ்சுக்கடியில் சுருண்டுகொள்ளும். துடைப்பத்தால் தள்ளினால் தள்ளிய தூரம் போய்விட்டுத் திரும்பி வந்தது. துணியால் ஒற்றி எடுத்து வாசலில் பிழிந்தால், பிழிந்த இடத்திலிருந்து படியேறி உள்ளே வந்தது. டவுன் பஸ்ஸில் ஒரு கண்டக்டர் அதைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, சின்னப் பிள்ளைகளுக்குப் போடுவதுபோல அரை டிக்கெட் கிழித்தார். மற்ற கண்டக்டர்களும் அதையே வழக்கமாக வைத்துக்கொண்டார்கள்.

அது எங்கிருந்து வந்தது என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. அந்த வருஷம் லீவு நாளில் குடும்பமாக வேன் பிடித்து ஏரிக்குப் போயிருந்தார்கள். அவளுடைய தம்பி, அவளைவிட இரண்டு வயது சின்னவன், சட்டையைக் கழற்றி அக்கா கையில் கொடுத்துவிட்டுப் படியில் இறங்கினான். பாசிப் படி வழுக்கிவிட்டது. கரையில் அப்பா, சித்தப்பா, பெரியப்பா, சித்தப்பாவின் ஆபீஸ் நண்பர்கள் என்று பெரியவர்கள் நிறையப் பேர் நின்றார்கள். மலை ஏறியவர்கள், லாரி ஓட்டியவர்கள், ஊர்ப் பஞ்சாயத்தில் மேசையைத் தட்டிப் பேசியவர்கள். அவர்களில் ஒருவருக்கும் நீந்தத் தெரியாது. எல்லோரும் கூச்சல் போட்டார்கள், இடுப்பளவு தண்ணீர் வரைக்கும் ஓடினார்கள், அதற்குமேல் யாராலும் ஓரடி எடுத்துவைக்க முடியவில்லை. அவள் சட்டையைப் பிடித்துக்கொண்டு கடைசிப் படியில் நின்றாள். திரும்பி வரும்போது வேனுக்குப் பின்னால் தார் ரோட்டில் கொஞ்சம் தண்ணீர் வந்ததை டிரைவர்தான் கண்ணாடியில் முதலில் பார்த்தார். வீட்டு வாசலில் வேன் நின்றதும் அதுவும் நின்றது. அவளுடைய அம்மா துடைப்பத்தை எடுத்து வந்து அதை அடித்தாள். கை ஓயும்வரை அடித்தாள். தண்ணீர் அடியை வாங்கிக்கொண்டு அங்கேயே கிடந்தது. அதற்கப்புறம் அந்த வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை, தம்பியைப் பற்றியும் பேசவில்லை. ஆனாலும் அம்மா அதைக் கடக்கும்போதெல்லாம் மிதித்துவிடாமல் சேலையைச் சற்றுத் தூக்கிக்கொண்டு போனாள்.

வருஷம் போகப் போக அது அகலத்திலும் வளர்ந்தது, உயரத்திலும் வளர்ந்தது. அவள் தையல் படித்து முடித்தபோது அது ஒரு தலையணை கனத்துக்கு இருந்தது. பூட்டுக் கடைக்காரர் அவளை முதல்முதலாகப் பார்த்தபோது முழங்கால் உயரத்துக்கு ஏறியிருந்தது. அவர் சாவி செய்கிறவர். அவள் வேலை பார்த்த தையல் கடையின் ஷட்டர் சிக்கிக்கொண்டதென்று கூப்பிட்டிருந்தார்கள். ஷட்டரைத் திறந்துவிட்டு உள்ளே பார்த்தால், மெஷின் முன்னால் ஒரு பெண்; அவளுக்குப் பின்னால் பக்கச் சுவரோ தடுப்போ இல்லாமல் தானாக நின்றுகொண்டிருக்கும் ஒரு தண்ணீர். அவர் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு, "இது கூடவே இருக்குமா?" என்று கேட்டார். அவள் நிமிராமல், "இருக்கும். பிடிக்கலேன்னா யாரும் பார்க்க வேண்டாம்" என்றாள். "பிடிக்கலேன்னு யார் சொன்னா? வெயில் காலத்துக்கு நல்லதுதானே" என்றார் அவர். அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் அவரைக் கட்டிக்கொண்டேன் என்று அவள் பிற்பாடு பலரிடம் சொல்லியிருக்கிறாள்.

கல்யாணத்தன்று எல்லாம் நல்லபடியாக நடந்தது, ஒன்றைத் தவிர. பூட்டுக் கடைக்காரரின் அக்கா ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர். பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல், கழுத்தில் எப்போதும் ஒரு விசில். தம்பி கல்யாணத்துக்கும் அதைக் கழற்றாமல்தான் வந்திருந்தாள். அவள் மணமகளின் பின்னால் நின்ற தண்ணீரைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "பரவாயில்லையே, பொண்ணு வீட்ல சொந்தமா நீச்சல் குளமே குடுத்து அனுப்பியிருக்காங்க!" என்று கூடம் அதிரச் சிரித்தாள். மணமகளின் அம்மா எழுந்து உள்ளே போய்விட்டாள். பி.டி. டீச்சருக்கு விஷயம் தெரியாது. யாரும் சொல்லவும் இல்லை. அன்றிலிருந்து தையல்காரி தன் நாத்தனாரிடம் 'வாங்க', 'சாப்பிடுங்க' என்ற இரண்டு சொல்லுக்கு மேல் பேசியதில்லை.

பூட்டுக் கடைக்கு மேலே இரண்டு அறை வாடகைக்கு எடுத்தார்கள். முன்னறையில் தையல் மெஷின், துணி வெட்டும் மேசை, தண்ணீர். பின்னறையில் மற்றதெல்லாம். கீழே கடைக்குப் பின்னால் வீட்டுக்காரர் குடியிருந்தார். தண்ணீர் மாடிப்படியில் படிக்குப் படி மடிந்து ஏறியதைக் கண்ணால் பார்த்த நாளிலிருந்து அவருக்கு நிம்மதி போய்விட்டது. தினமும் காலையில் ஸ்டூல் போட்டு ஏறி நின்று கூரையைத் தடவிப் பார்ப்பார். கூரை காய்ந்தே இருக்கும். எதைச் சொல்லிச் சண்டை போடுவது என்று தெரியாமல் இறங்கிவிடுவார். தையல்காரி வேலை செய்யும்போது அதற்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவாள். குளிப்பதற்கு ஒரு வாளிக்குமேல் தண்ணீர் பிடிக்கமாட்டாள். மழைக் காலத்தில் பள்ளத்தில் தேங்கிய நீரைத் தாண்ட வேண்டியிருந்தால், தெருவைச் சுற்றிக்கொண்டு போவாள். தண்ணீர் அவளுடன் சளைக்காமல் சுற்றிக்கொண்டு போகும்.

மகள் பிறந்தாள். தவழ ஆரம்பித்ததும் அவள் நேராகப் போன இடம் அதுதான். தையல்காரி நடுவில் ஒரு பழைய கதவைக் குறுக்கே நிறுத்தினாள். பூட்டுக் கடைக்காரர் அதற்குத் தாழ்ப்பாளும், தாழ்ப்பாளுக்குப் பூட்டும் போட்டுக் கொடுத்தார். ஆனால் தையல்காரி எழுந்து பின்னறைக்குப் போனால் தண்ணீர் கதவைச் சுற்றிக்கொண்டு வந்துவிடும். பூட்டு கதவில் தொங்கிக்கொண்டிருக்கும். குழந்தைக்குப் பேச்சு வந்தபோது அம்மா, அப்பாவுக்கு அடுத்தபடியாக அவள் சொன்னது 'மாமா'. தண்ணீரைக் கைகாட்டிச் சொன்னாள். அந்த வீட்டில் மாமா என்று ஒருவர் இருந்ததையோ இல்லாமல் போனதையோ யாரும் அவளிடம் சொன்னதில்லை. தையல்காரியின் கையிலிருந்த கத்தரிக்கோல் துணியோடு சேர்த்து விழுந்தது. "அப்படிக் கூப்பிடாதே" என்றாள். குழந்தை கேட்கவில்லை. காலையில் எழுந்ததும் "மாமா, எந்திரி" என்று தண்ணீரைத் தட்டும். தண்ணீர் லேசாக ஆடும். பூட்டுக் கடைக்காரர் மட்டும் அதைப் பார்த்து, மனைவிக்குத் தெரியாமல் சிரித்துக்கொள்வார்.

மகளுக்கு ஏழு வயதானபோது தண்ணீர் கட்டில் அகலமும், பெரியவர்களின் மார்பு உயரமும் இருந்தது. ஒரு நாள் உச்சி வெயிலில் தையல்காரி ஒரு ஹோட்டலுக்கான திரைச்சீலைகளுக்கு மடிப்புத் தைத்துக்கொண்டிருந்தாள். மகள் மெஷினில் நூல் சுற்றும் பாபினை உருட்டி விளையாடிக்கொண்டிருந்தாள். பாபின் மேசையிலிருந்து எகிறித் தண்ணீருக்குள் விழுந்து அடியில் போய் உட்கார்ந்தது. மகள் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, எட்டி, இன்னும் கொஞ்சம் எட்டி, தலைகுப்புற உள்ளே போனாள்.

முங்குகிறவர்கள் கத்துவார்கள் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். கத்துவதற்கு மூச்சு வேண்டும். முங்குகிறவர்களிடம் இல்லாததே அதுதான். அந்த அறையில் ஒரு சத்தமும் வரவில்லை. சத்தம் வராமல் போனதால்தான் தையல்காரி திரும்பிப் பார்த்தாள். கண்ணாடிப் பெட்டிக்குள் பார்ப்பதுபோல எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. பாவாடை குடைபோல விரிந்திருந்தது, வாய் திறந்து திறந்து மூடியது, ஒரு கை எதையோ பிடிக்கப் பார்த்தது. அவள் எழுந்து நின்றாள். நின்றவள் நின்றபடியே இருந்தாள். அவளுடைய கால்கள் அந்த ஏரியின் கடைசிப் படியில் இருந்தன. தண்ணீர் முழுவதும் கிடுகிடுவென்று நடுங்கியது. அதற்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை.

அந்த நேரத்தில் பி.டி. டீச்சர் பள்ளிக்கூடத்து விளையாட்டுச் சாமான் அறையின் சாவி தொலைந்துபோய், மாற்றுச் சாவிக்காகத் தம்பி கடைக்கு வந்திருந்தாள். சாவியை அரத்தால் ராவி முடிக்கிறவரை மேலே போய் ஒரு வாய் தண்ணீர் குடிக்கலாம் என்று படியேறி வந்தாள். வாசலில் நின்று ஒரு பார்வை பார்த்தாள். கேன்வாஸ் ஷூவைக்கூடக் கழற்றவில்லை. பாய்ந்து உள்ளே போய்க் குழந்தையைக் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கி வெளியே எடுத்துவந்து, தரையில் கிடத்தி, வாயோடு வாய் வைத்து ஊதினாள். குழந்தை தண்ணீரைக் கக்கி, இருமி, பிறகு வீடு இடிந்துவிடும்போல அழுதது. கீழே வீட்டுக்காரர் ஸ்டூலைத் தேடிக்கொண்டு ஓடினார்.

அப்போதுதான் தையல்காரி இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகத் தண்ணீரைப் பார்த்துப் பேசினாள். "ஒருத்தனை எடுத்துட்டுப் போனது போதாதா? அதுக்கா இத்தனை நாளும் பின்னாடியே வந்தே? போ! என் கண்ணு முன்னாடி நிக்காதே, போ!" தண்ணீர் மாடிப்படியில் இறங்கிப் போனது. பூட்டுக் கடையைத் தாண்டி, தெருவைத் தாண்டி, தெருக்கோடியில் மூடிக்கிடந்த ஐஸ் கம்பெனியின் காலி மனைவரைக்கும் போய், அங்கே சுவரோரமாக ஒடுங்கி உட்கார்ந்துகொண்டது. அங்கிருந்து நகரவில்லை.

அதன் பிறகு வந்த நாட்களில் தையல்காரி முதுகுப் பக்கம் ஒன்றுமில்லாமல் நடந்தாள். பஸ்ஸில் அவளுக்கு ஒரே டிக்கெட் கொடுத்த கண்டக்டர், "ஒண்ணுதானா?" என்று இரண்டு தடவை கேட்டார். நிம்மதியாக இருக்கும் என்று நினைத்தாள். ஆனால் நாலடிக்கு ஒரு தரம் அவளுடைய கழுத்து தானாகத் திரும்பியது. காலர் வைக்க வேண்டிய இடத்தில் பாக்கெட் வைத்துத் தைத்தாள். மகள் ஜன்னலில் தொங்கிக்கொண்டு தெருக்கோடியைப் பார்த்து, "மாமா சாப்டுச்சா?" என்று கேட்டுக்கொண்டேயிருந்தாள். அவளுக்குப் பயம் ஒட்டவே இல்லை. அம்மா தூங்கினால் தெருக்கோடிக்கு ஓடிவிடுவாள் என்பது தையல்காரிக்குத் தெரிந்தது. எத்தனை கதவு போட்டாலும் ஊரில் ஏரி இருக்கிறது, ஆறு இருக்கிறது, கிணறு இருக்கிறது, எல்லாவற்றையும் பூட்ட அவள் கணவரால் முடியாது என்பதும் தெரிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் நாத்தனார் வீட்டுக் கதவைத் தட்டினாள். பி.டி. டீச்சர் திகைத்துப்போனாள். உட்காரச் சொல்லவும் மறந்துவிட்டாள். தையல்காரி நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். ஏரி, தம்பி, சட்டை, கரையில் நின்ற பெரியவர்கள், துடைப்பம். கல்யாணத்தன்று சொன்ன ஜோக்கை அவள் எடுக்கவில்லை. பி.டி. டீச்சரே எடுத்தாள்.

"அட பாவி, நான் அன்னிக்கு என்ன சொல்லி வச்சேன்!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். "ஏழெட்டு வருஷமா மனசுல வச்சுக்கிட்டிருந்தியா? ஒரு வார்த்தை திட்டியிருக்கக் கூடாதா?"

"திட்ட வரல அண்ணி. கத்துக்க வந்தேன்."

"எதை?"

"நீச்சல். பாப்பாவுக்குச் சொல்லிக் குடுங்கன்னுதான் கேக்க வந்தேன். வர்ற வழியில யோசிச்சேன். அவ முங்கினப்போ நான் மரமாட்டம் நின்னேன். அவளுக்கு மட்டும் தெரிஞ்சா எப்படிப் போதும்? எனக்கும் வேணும். ஆனா அது கொல்ற தண்ணி அண்ணி, அதான் பயமா இருக்கு."

பி.டி. டீச்சர் அவள் தோளைப் பிடித்து உட்கார வைத்தாள். "தண்ணிக்குக் கொல்லவும் தெரியாது, காப்பாத்தவும் தெரியாது. அதுக்கு என்ன கை இருக்கா, கால் இருக்கா? கை கால் இருக்கறது நமக்கு. கத்துக்க வேண்டியது நாமதான்."

"எனக்கு முப்பத்தஞ்சு வயசாகுது."

"ஆகட்டுமே. தண்ணி என்ன, வயசு சர்ட்டிபிகேட்டா கேக்கப்போகுது?"

குடைத் துணியில் கணுக்கால்வரை ஒரு கால்சட்டையும் முழங்கைவரை ஒரு மேல்சட்டையும் அவளே தைத்துக்கொண்டாள். விடிந்து வெயில் ஏறுவதற்குள் மூவரும் ஐஸ் கம்பெனி மனைக்குப் போனார்கள். தண்ணீர் அவர்களைப் பார்த்ததும் சுவரோடு இன்னும் ஒட்டிக்கொண்டது. தையல்காரி அதன் எதிரில் போய் நின்றாள். திட்டியதற்கு மன்னிப்புக் கேட்பதா, கேட்கத்தான் வேண்டுமா என்று புரியவில்லை. "எறங்கட்டுமா?" என்று மட்டும் கேட்டாள். தண்ணீர் மெதுவாகச் சுவரைவிட்டு விலகி, மனை முழுக்கப் பரந்து, அவள் பக்கத்து ஓரத்தில் கணுக்காலளவும் மறுகோடியில் ஆளுயரமுமாகச் சரிந்து கொடுத்தது.

முதல் வாரம் முழுவதும் அவள் முகத்தை உள்ளே விட்டு மூச்சை வெளியே விட மட்டுமே கற்றாள். மகள் அதை ஒரே காலையில் முடித்துவிட்டு, வாத்துபோல் சுற்றிவந்தாள். தையல்காரியோ முகத்தை நனைப்பாள், நடுங்குவாள், வெளியே வந்து உட்கார்ந்துகொள்வாள். பி.டி. டீச்சர் தன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைப் பத்துத் தெரு கேட்கும்படி விரட்டுகிறவள். இங்கே ஒரு நாளும் குரலை உயர்த்தவில்லை. "மூச்சு விடறதை நிறுத்தாதே. அதுதான் பாதி நீச்சல். அவசரப்படறவளைத்தான் தண்ணி உள்ள இழுக்கும். தப்பு, தண்ணி இழுக்காது, அவளே போயிடுவா" என்பாள். மிதப்பதுதான் கடைசிவரை வராமல் இருந்தது. மல்லாக்கப் படுத்ததும் இடுப்பு தானாக மடியும், கைகள் எதையாவது பிடிக்கப் பறக்கும். ஒரு நாள் நாத்தனார் அவளுடைய பின்தலைக்குக் கீழே ஒரு உள்ளங்கையை மட்டும் வைத்து, "காதை முழுகவிடு. வானத்தைப் பார். வயித்தை மேலே குடு. நான் புடிச்சிருக்கேன்" என்றாள். காதுகள் முழுகியதும் ஊர்ச்சத்தம் நின்றுபோனது. தன் மூச்சு மட்டும் கேட்டது. வெகுநேரம் அப்படிக் கிடந்தாள். தலையைத் திருப்பிப் பார்த்தால், நாத்தனார் தூரத்தில் கரையில் உட்கார்ந்து மகளுக்குத் தலை துவட்டிக்கொண்டிருந்தாள். தாங்கிக்கொண்டிருந்தது கையில்லை என்று புரிந்தபோதும் அவள் முழுகவில்லை.

இது தெருவுக்குத் தெரிந்ததும் பெண்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். ஆற்றுக்கு அக்கரையிலிருந்த நூற்பாலைக்குத் தினமும் படகில் வேலைக்குப் போகிறவர்கள் அவர்கள். குடைத் துணி உடை கேட்டு வந்தவர்களுக்குத் தையல்காரி அளவெடுத்தாள். உடை வேண்டுமென்றால் தண்ணீரில் இறங்கியாக வேண்டும் என்பது அவளுடைய நிபந்தனை. பூட்டுக் கடைக்காரரையும் இறக்கினார்கள். அவர் இறங்கிய வேகத்தில் அடியில் போய் நின்றார். என்ன செய்தும் மேலே வரவில்லை. தூக்கிப் பார்த்தால் இடுப்பில் சாவிக் கொத்து. அதைக் கழற்றிவிட்டு மல்லாக்கப் படுக்க வைத்தார்கள். உடனே தூங்கிப்போனார். ஊரிலேயே நன்றாக மிதக்கிறவர் அவர்தான் என்பது அன்று முடிவாயிற்று. வீட்டுக்காரரும் ஒரு நாள் வந்து, கூரையைத் தடவுவதுபோலத் தண்ணீரைத் தடவிப் பார்த்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார்.

வகுப்பு இல்லாத நேரத்தில் தண்ணீர் பழையபடி தையல்காரியின் பின்னால் போய்விட்டு மனைக்குத் திரும்பும். வகுப்பில் எல்லோரிடமும் மரியாதையாக நடந்துகொண்டது. குழந்தை இறங்கினால் ஆழம் குறையும், வயதானவர் இறங்கினால் வெதுவெதுப்பாகும், தடுமாறுகிறவரின் முதுகுக்குக் கீழே லேசாக உப்பிக் கொடுக்கும். பி.டி. டீச்சருக்கு இது பிடிக்கவில்லை. ஒரு நாள் விசில் ஊதி எல்லோரையும் கரையேற்றிவிட்டு, இடுப்பில் கை வைத்துக்கொண்டு தண்ணீரைத் திட்டினாள். "இப்படிச் செல்லம் குடுத்தா நாளைக்கு ஆத்துல விழறப்போ இவங்க என்ன பண்ணுவாங்க? ஆறு வந்து முதுகைத் தாங்குமா? இன்னியிலேர்ந்து நீ ஒழுங்கா இரு!" மறுநாளிலிருந்து தண்ணீர் ஒழுங்காக இருந்தது. நடுவில் சுழன்றது, திடீரென்று சில்லிட்டது, அலையடித்தது, கலங்கிக் கண் தெரியாமல் போனது. சேலையோடும் செருப்போடும் இறங்கி நீந்தப் பழகினார்கள். முங்குகிறவரைக் காப்பாற்றப் போகிறவர் முதலில் ஒரு கயிறோ கட்டையோ வீச வேண்டும், கட்டிப்பிடிக்க விடக்கூடாது, பின்பக்கமாகத்தான் போக வேண்டும் என்று கற்றுக்கொண்டார்கள். அலை பெரிதாக அடித்து யாராவது திணறிவிட்டால், வகுப்பு முடிந்ததும் தண்ணீர் அவர் காலடியில் வந்து கொஞ்சநேரம் கிடந்துவிட்டுப் போகும்.

மகளுக்குப் பத்து வயதிருக்கும்போது படகு கவிழ்ந்தது. ஆற்றில் புது வெள்ளம். காலை ஷிப்டுக்கு நேரமாகிவிட்டதென்று ஏற்றக்கூடாத அளவுக்கு ஆளை ஏற்றியிருந்தார்கள். தையல்காரி நூற்பாலைக்குத் தைத்த சீருடைகளைப் பிளாஸ்டிக் தாளில் மூட்டையாகக் கட்டி எடுத்துக்கொண்டு அதில் உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் அன்று அவளோடு வரவில்லை. அதற்கு வகுப்பு இருந்தது. நட்டாற்றில் பழைய பாலத்தின் தூணில் மோதிப் படகு ஒருக்களித்தது, பிறகு மொத்தமாகக் குப்புறக் கவிழ்ந்தது.

அது அவளுடைய தண்ணீர் இல்லை. பழுப்பாக இருந்தது, மண் வாடை அடித்தது, அவள் யாரென்று அதற்குத் தெரியாது. தலைக்குமேல் மூடிய அந்த ஒரு கணத்தில் பழைய நடுக்கம் வந்து காலைப் பிடித்தது. அவள் மூச்சை வெளியே விட்டாள். குமிழிகள் போன பக்கம்தான் மேல்பக்கம் என்று தெரிந்து அந்தப் பக்கம் உதைத்தாள். வெளியே வந்ததும் மல்லாந்தாள். சுற்றிலும் ஆலைப் பெண்கள் ஒவ்வொருவராக மேலே வந்து வானத்தைப் பார்த்து மிதப்பது தெரிந்தது. "யாரும் எதிர்த்து நீந்தாதீங்க! இழுக்கற பக்கமே சாஞ்சு போங்க, கரை தானா வரும்!" என்று கத்தினாள். எல்லோரும் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தார்கள், ஒருவரைத் தவிர. படகோட்டி தண்ணீரைக் கைகளால் அறைந்துகொண்டு மேலும் கீழுமாகப் போய்வந்துகொண்டிருந்தார். இருபது வருஷமாக ஊரை அக்கரைக்கும் இக்கரைக்கும் கொண்டுபோனவருக்கு நீந்தத் தெரியாது என்பது அன்றுதான் தெரிந்தது.

சீருடை மூட்டை காற்றடைத்து மிதந்துகொண்டிருந்தது. அவள் அதை அவர் பக்கம் தள்ளிவிட்டாள். அவர் அதைக் கட்டிக்கொண்டார். பிறகுதான் அவர் பின்பக்கமாகப் போய்ச் சட்டைக் காலரைப் பிடித்தாள்.

"விட்றாதம்மா, தாயே, விட்றாதே!"

"விடமாட்டேன். நீங்க கையைக் காலை அடிக்காதீங்க. வானத்தைப் பாருங்க. மூச்சை விடுங்க, மூச்சை."

"வானத்துல என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்லை. பார்த்துக்கிட்டே இருங்க."

ஆறு வளைகிற இடத்து மணல் திட்டில் எல்லோரும் ஒதுங்கினார்கள். பி.டி. டீச்சரின் பழக்கம் தொற்றியிருந்த ஒரு பெண் தலைகளை எண்ணிப் பார்த்தாள். சரியாக இருந்தது. ஆறு கொண்டுபோனது செருப்புகளையும் சாப்பாட்டுத் தூக்குகளையும் ஒரு குடையையும்தான். சீருடைகள் ஓரத்தில் மட்டும் நனைந்திருந்தன. ஆலை அவற்றை மறுக்காமல் வாங்கிக்கொண்டது. தையல்காரி மணலில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. அழத் தொடங்கினாள். பயத்தில் அழுகிறாள் என்று நினைத்துப் பெண்கள் அவளைச் சுற்றி உட்கார்ந்தார்கள். படகோட்டி வேட்டியைப் பிழிந்துகொண்டு நின்றார். "என் தம்பி" என்று ஆரம்பித்து அவள் எல்லாவற்றையும் அவர்களிடம் சொன்னாள். சொல்லி முடித்துவிட்டு, "அன்னிக்குக் கரையில ஒரே ஒருத்தருக்குத் தெரிஞ்சிருந்தா போதும்" என்றாள். அவனுடைய பெயரையும் சொன்னாள். அந்தப் பெயர் அவள் வாயில் வந்து முப்பது வருஷத்துக்குப் பக்கமாக ஆகியிருந்தது.

அடுத்த வாரம் படகோட்டி வகுப்பில் சேர்ந்தார். அதற்கப்புறம் ஊரில் எந்தப் பள்ளிக்கூடமும் நீந்தத் தெரியாத பிள்ளையை மேல்வகுப்புக்கு அனுப்புவதில்லை என்று ஆனது. தையல்காரியின் அம்மா ஒரு தடவை மகளைப் பார்க்க வந்தவள், ஐஸ் கம்பெனி மனைவரை நடந்து போனாள். பிள்ளைகள் கும்மாளம் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் கரையில் உட்கார்ந்து சேலையைத் தூக்கிக் கால் இரண்டையும் உள்ளே விட்டாள். நெடுநேரம் வைத்திருந்தாள். எழுந்திருக்கும்போது, "சின்னப் பசங்களுக்கு சளி பிடிக்காம பார்த்துக்கோ" என்றாள். மகளிடம் சொன்னாளா தண்ணீரிடம் சொன்னாளா என்று தெரியவில்லை.

ஆட்கள் இறங்கி ஏற ஏறத் தண்ணீர் மற்றத் தண்ணீர்களின் பழக்கங்களையும் கற்றுக்கொண்டது. வெயிலில் கொஞ்சம் ஆவியானது, கோடையில் கொஞ்சம் இறங்கியது. மகள் கல்லூரி முடித்து அதே கரையில் விசில் மாட்டிக்கொண்டு நின்ற காலத்தில், தொடர்ந்து இரண்டு வருஷம் மழை பொய்த்தது. கிணறுகளில் வாளி தரையைத் தட்டியது. லாரியில் வந்த குடிநீருக்கு வரிசை நின்றார்கள். தண்ணீர் குளத்தளவிலிருந்து கட்டிலளவாகி, கட்டிலளவிலிருந்து பாயளவாகி, ஒரு காலையில் மனையின் நடுவில் ஒரு தாம்பாளம் அகலத்துக்குக் கிடந்தது. தையல்காரி அதன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்திருந்ததை முதலில் பார்த்தது அவளுடைய நாத்தனார். ரிட்டயராகி, முழங்கால் வலியோடு நடந்துகொண்டிருந்த பி.டி. டீச்சர் வீட்டுக்குப் போய், அன்றைய பங்காகக் கிடைத்த குடத்தைத் தூக்கி வந்து அதில் ஊற்றினாள். பூட்டுக் கடைக்காரர் கடையிலிருந்த பானையைக் கொண்டுவந்தார். வீட்டுக்காரர் ஒரு சொம்பு கொண்டுவந்தார். யோசித்துவிட்டு இன்னொரு சொம்புக்குப் போனார். ஆலைப் பெண்கள், படகோட்டி, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், அந்த வழியாகப் போன பஸ்ஸை நிறுத்திவிட்டு இறங்கிய கண்டக்டர். சமைக்க வைத்திருந்தது, துவைக்க வைத்திருந்தது, குழந்தையைக் குளிப்பாட்ட வைத்திருந்தது எல்லாம் வந்தன. மாலைக்குள் முழங்கால் உயரம் ஏறிவிட்டது. மழை வரும்வரை தினமும் ஊற்றினார்கள்.

மழை வந்து மனை நிறைந்த பிறகு ஒரு காலையில், அம்மாவும் மகளும் கரையில் நின்றார்கள். "இதுல எதும்மா அந்தத் தண்ணி?" என்று மகள் கேட்டாள். தையல்காரி உற்றுப் பார்த்தாள். ஒரு கை அள்ளிப் பார்த்தாள். முகர்ந்து பார்த்தாள். பாசி வாடை இருந்தது, லாரித் தண்ணீரின் மருந்து வாடை இருந்தது, மழை வாடை இருந்தது.

"தெரியலடி" என்றாள். "எல்லாம் கலந்துபோச்சு."

"கஷ்டமா இருக்காம்மா?"

அவள் யோசித்தாள். "இல்லை" என்றாள். உண்மையாகவே இல்லை. பிறகு கையை உதறிவிட்டு, "நேரமாகுது, பசங்களை எறக்கு" என்றாள்.

அன்றிலிருந்து தண்ணீர் குறிப்பாக அவள் பின்னால் என்று வருவதில்லை. வகுப்பு முடிந்து கடைசியாகக் கரையேறுகிறவர் யாரோ, அவருக்குப் பின்னால் ஒரு பாயகலம் பிரிந்து வருகிறது. தெருமுனைவரை கொண்டுவந்து விட்டுவிட்டுத் திரும்பிப் போகிறது. அந்த நேரத்தில் அந்தத் தெருவில் சைக்கிளில் வருகிறவர்கள் ஓரமாகக் காலை ஊன்றி நின்று, அது போன பிறகு மிதித்துப் போகிறார்கள்.